நடக்கும் கோட்டுக்கு ஒரு ஹெல்ப்லைன்

இந்த நாற்காலியில் அடுத்து உட்காரப்போகிறவர்களுக்கு முதலில் ஒரு தகவல்: நான் ஓய்வு பெறுகிறேன். வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை. சிரிக்க வேண்டாம். ஹெல்ப்லைனில் ஆறு வருடம் தாக்குப்பிடித்தவரை இந்தக் கட்டடத்தில் முதியோர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். திங்கட்கிழமை முதல் நான் ஏதோ ஒரு வங்கிச் செயலியின் குழுவில் இருப்பேன். அங்கே யாரும் துப்பாக்கியோடு அழைக்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

லாகின் செய்வது, புகாரைப் பதிவது, மூடுவது, மூடிய புகாரை யாரோ திறந்தால் மறுபடி மூடுவது எல்லாம் பயிற்சி வகுப்பில் வரும். தூங்காமல் கேளுங்கள். முடியாவிட்டால் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். நான் எழுதுவது வகுப்பில் வராத விஷயங்கள்.

நம் வேலையை வெளியே சொன்னால் நம்ப மாட்டார்கள். பெங்களூரில், ஈஜிபுரா சிக்னலுக்குப் பக்கத்தில் நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, கனடாவின் வடகோடியில் பனிக்கு நடுவே நிற்கிற வேட்டைக்காரருக்கு இங்கே சுடலாம், அங்கே கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். என் அம்மா எங்கள் பேட்டையான ஆஸ்டின் டவுனில் கேட்பவர்களிடம் "மக கம்ப்யூட்டர்ல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நீங்களும் அதையே பழகிக்கொள்ளுங்கள். விளக்கப் போனால் காபி ஆறிவிடும்.

கரிபூ என்பது பனிநாட்டு மான். அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் இறைச்சி, அதுதான் விருந்து, பாதிப் பேச்சும் அதைப் பற்றித்தான். மந்தைகள் வேகமாகக் குறைந்துவிட்டதால், ஒருவர் எத்தனை சுடலாம் என்கிற அளவும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலத்தில் அளவே இல்லை. பிறகு ஐந்து, பிறகு மூன்று, இப்போது ஒருவருக்கு ஒன்று, அதுவும் ஆண். இது போதாதென்று ஒரு கோடும் உண்டு. ரொம்பவும் மெலிந்துபோன ஒரு மந்தையில் சில மான்களுக்கு, இருக்கும் இடத்தைக் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டியிருக்கிறார்கள். அவை எங்கே நிற்கின்றன என்று பார்த்து, அவற்றைச் சுற்றி வாராவாரம் ஒரு கோடு போடுகிறார்கள். கோட்டுக்குள்ளே யாரும் சுடக்கூடாது. மந்தை நடந்தால் கோடும் நடக்கும். அங்குள்ள அரசு அலுவலகத்திலிருந்து வருகிற கோட்டை, வேட்டைக்காரர்களுக்கான செயலியின் வரைபடத்தில் ஏற்றுவது நம் குழுவின் வேலை. ஏற்றிய பிறகு திட்டு வாங்குவதும் நம் குழுவின் வேலைதான்.

அவர்களுடைய எரிச்சல் உங்களுக்குப் புரியாமல் போகாது. நீங்கள் பெங்களூரில் வண்டி ஓட்டுகிறவர்கள். நேற்றுவரை நேராகப் போன தெரு இன்று ஒன்-வே. போர்டு மரத்துக்குப் பின்னால் இருக்கும், கான்ஸ்டபிள் மரத்துக்கு முன்னால் இருப்பார். அதே கதைதான் அங்கேயும். மரம் மட்டும் கிடையாது.

இனி, செய்யக்கூடாதவை. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த ஒருவர், பெயர் வேண்டாம், இப்போது பெரிய பதவியில் இருக்கிறார், மார்ச் மாதத்தில் ஒரு வேட்டைக்காரருக்கு ஆண் கரிபூவை அடையாளம் காட்டித் தந்தார். "கொம்பு இருக்கிறதா பாருங்கள் சார், இருந்தால் ஆண்." "இரு, ஸ்பீக்கர்ல போடறேன், திரும்பச் சொல்லு" என்றார் அந்த மனிதர். இவரும் பெருமையாகத் திரும்பச் சொன்னார். ஒரு சமையலறையே சிரித்து உருண்டது. விஷயம் என்னவென்றால், கரிபூவில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. குளிர்காலத்தின் கடைசியில் பெரிய ஆண்களுக்குக் கொம்பு உதிர்ந்திருக்கும், பெண்களுக்குத்தான் இருக்கும். இவர் சொன்னதை நம்பியிருந்தால் ஊரே பெண் மானாகப் பார்த்துச் சுட்டிருக்கும். நல்லவேளை, அங்கே யாரும் நம்மை அவ்வளவு நம்புவதில்லை. தெரியாததைச் சொல்லாதீர்கள். தெரிந்ததைச் சொல்லும்போதும், கேட்கிறவர் அதை ஐந்து வயதிலேயே தெரிந்துகொண்டவராக இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

இன்னொன்று. "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது" என்று உங்கள் திரையில் ஒரு வரி ஒளிரும். அதைப் படிக்காதீர்கள். படித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி நான். ஜோசப் என்று ஒருவர், எழுபதை நெருங்கியவர், வாராவாரம் கோடு மாறியதும் முதல் ஆளாக அழைப்பார். அவர் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் அந்தக் கோபத்தை என்னால் எங்கள் ஆஸ்டின் டவுன் தமிழில் மட்டும்தான் கேட்க முடிந்தது. அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

"புரியுதா? இன்னா புரியுது உனக்கு? நீ கடைசியா எப்ப கரிபூ துன்ன?"

"நான் சாப்பிட்டதே இல்ல சார்."

"அப்ப எப்படிப் புரியும்? ஆறு வாரமா பிளான் போட்டு, வண்டிய ரிப்பேர் பண்ணி, பெட்ரோல் கட்டி எடுத்துனு போனா, என் கேம்ப் மேலயே கோட்டப் போட்டு வெச்சிருக்கீங்க. போன வாரம் அந்தாண்ட இருந்திச்சு. கோடா அது, இல்ல நாய்க்குட்டியா, என் பின்னாலயே வருது?"

அன்று முதல் அந்த வரியை நான் படிப்பதில்லை. "சொல்லுங்க சார்" என்று மட்டும் சொல்வேன். அவர் சொல்லுவார். நாம் கேட்கலாம். பெரும்பாலான நாள்களில் அவ்வளவுதான் வேலை.

அவ்வளவோடு முடியாத ஒரு நாளும் வந்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

ஒரு மார்ச் மாதம், காலை ஷிப்ட். நமக்குச் சனிக்கிழமை காலை, அவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை. ஜோசப் சாட்டிலைட் போனில் வந்தார். குரல் வழக்கம்போல இல்லை. கிசுகிசுப்பாக இருந்தது.

"ஜெனி, சத்தம் போடாத. எதிர்ல இருக்குதுங்க."

"எது சார்?"

"பின்ன இன்னா, பஸ்ஸா? கரிபூ. ஏரி மேல, ஐஸ்ல, படுத்துனு கெடக்குதுங்க. நான் மேக்கால கரைல இருக்கேன். உங்க மேப்பு நான் கோட்டுக்கு உள்ள இருக்கேன்னு சேப்பா காட்டுது. நோட்டீஸ் போர்டுல கோடு ஏரியோட கெழக்குக் கரைன்னு ஒட்டியிருந்தாங்க. ரெண்டுல எது நெசம்? சீக்கிரம் சொல்லு. வெளிச்சம் ஒரு மணி நேரந்தான் இருக்கு."

வேறு யாராவது என்றால் "செயலியில் காட்டுவதைப் பின்பற்றவும்" என்று விதிப்படி சொல்லி வைத்திருப்பேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரம்மா போய் ஒரு வருஷம். ஊரே சாப்புட வருது. அதுக்குன்னு என்னோட ஒண்ண சுடாம வெச்சினு இருந்தேன் இத்தினி நாளா. கோழி வாங்கிப் போட்டா அவ எழுந்து வந்து அடிப்பா."

எங்கள் வீட்டிலும் வருஷப் பூசை நடந்திருக்கிறது. அன்று பிரியாணி சரியில்லை என்றால், இறந்தவரை விட்டுவிட்டு பிரியாணியைப் பற்றித்தான் பத்து வருடம் பேசுவார்கள். அவருடைய நிலைமை எனக்கு உண்மையாகவே புரிந்தது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஜோசப்புக்கும் எங்களுக்கும் நடுவில் கடல், மலை எல்லாம் இருக்கலாம். ஆனால் அந்தக் கோட்டை ஏற்றியவன் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கார்த்தி, வாணியம்பாடிப் பையன், நல்ல புரோகிராமர். ஹெட்செட்டை ம்யூட் செய்துவிட்டு நாற்காலியைத் திருப்பினேன்.

"கார்த்தி, இந்த வாரக் கோடு அந்த நீளமான ஏரிகிட்ட எப்படிப் போகுது?"

"நேரா போகுதுக்கா."

"அவங்க அனுப்பினதே நேராவா?"

கரண்டி பாதி வழியில் நின்றது.

"இல்லக்கா... அவங்க அனுப்பினது ஏகப்பட்ட வளைவு. கோழி கிண்டுன மாதிரி இருந்திச்சு. அந்த ஊர் நெட்வொர்க்குக்கு லோடே ஆகல. அதான் லைட்டா ஸ்மூத் பண்ணேன். பாக்கவும் அழகா இருக்குல்ல?"

அந்தக் கோட்டை அனுப்புகிறவர்கள் சும்மா வளைத்து அனுப்புவதில்லை. பனியில் நிற்பவர் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும் என்று ஏரிக்கரை, ஆற்றங்கரை பார்த்து வளைக்கிறார்கள். கார்த்தி அந்த வளைவுகளை எல்லாம் நீவிவிட்டதில், கோடு ஏரியையே தாண்டிப் போய் மேற்குக் கரையையும் ஜோசப்பையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டது. உங்களில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வரைபடத்தில் ஒரு வளைவு அசிங்கமாக இருந்தால், அழிப்பதற்கு முன் அது யாருடைய ஏரி என்று கேளுங்கள்.

ஆக, சட்டப்படி ஜோசப் வெளியே இருந்தார். சுடலாம். "சுடுங்க சார்" என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்துவிட்டது. அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அவர் திரும்பும் வழியில் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. அங்கே இருக்கும் வனவிலங்கு அதிகாரி கையில் வைத்துச் சரிபார்ப்பதும் இதே செயலி, கார்த்தியின் இதே அழகான கோடு. சரியான இடத்தில் சுட்டுவிட்டு, தவறான இடத்தில் சுட்டதாகத் துப்பாக்கி, பனிவண்டி, இறைச்சி மூன்றையும் இழந்து நிற்பார். விருந்துக்கு முன் வழக்கு வரும்.

கோட்டைத் திருத்த அங்கிருக்கும் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அந்த அலுவலகத்தில் போனை எடுப்பது பதிவு செய்த குரல் மட்டும்தான்.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, தெரியாது என்று சொல்லி வைத்துவிடுவது. எனக்கு ஒன்றும் ஆகாது, அவருக்கு விருந்து போகும். இரண்டு, சுடச் சொல்வது. அது தைரியம் மாதிரி தெரியும், ஆனால் தண்டனை அவருக்கு. மூன்றாவது வழி விதிப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் தடைசெய்யப்பட்டிருந்தது: அழைக்கும் இரண்டு பேரை ஒருபோதும் ஒருவரோடு ஒருவர் இணைக்கக்கூடாது.

செக்போஸ்ட் அதிகாரியின் எண் என்னிடம் இருந்தது. அவரும் நம் வாடிக்கையாளர்தானே. செயலி திறக்கவில்லை என்று வாரத்துக்கு இரண்டு முறை திட்டுவார். இணைத்தேன்.

"செக்போஸ்ட்."

"சார், ஹெல்ப்லைன். லைன்ல ஜோசப்னு ஒருத்தர்..."

"எந்த ஜோசப்? மாமா, நீயா?"

"நான்தான்டா. சத்தம் போடாத, எதிர்ல இருக்குதுங்க."

"எங்க இருக்க?"

"உன் அப்பன் ஐஸ்ல விழுந்தானே, அந்த ஏரி. மேக்குக் கரை."

"மேப்புல அது உள்ள வருதே மாமா."

"அதத்தான் அந்தப் பொண்ணு இன்னாவோ சொல்லுதாம், கேளு."

நடந்ததைச் சொன்னேன். கார்த்தியின் பெயரைச் சொல்லவில்லை. "எங்கள் பக்கத்துத் தவறு" என்றேன். அதிகாரி கொஞ்சம் யோசித்தார்.

"நோட்டீஸ்ல கிழக்குக் கரைன்னு நானும் பார்த்தேன். ஆனா நாளைக்குக் கேஸ்னு வந்தா, ஃபோன்ல ஒரு பொண்ணு சொல்லிச்சுன்னா நான் எழுதறது? மெயில் போடு. உன் பேர் போட்டு, கோடு உங்க தப்புன்னு எழுதி அனுப்பு. வந்த அடுத்த நிமிஷம் மாமா சுடலாம்."

இதற்குள் ஷிப்ட் லீட் மஞ்சு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். கன்னடக்காரன், தமிழ் நன்றாகப் பேசுவான், பயந்தால் மட்டும் பாதிக் கன்னடம் வந்துவிடும்.

"பேடா ஜெனி. எழுத்துல குடுக்காத. வாயால ஆயிரம் சொல்லு, எழுத்துல ஒண்ணு வேண்டாம். நாளைக்கு கிளையன்ட் இத ஃப்ரேம் போட்டு மாட்டுவான்."

"தப்புதானே மஞ்சு நம்மது?"

"தப்புதான். சொல்ப இரு. திங்கட்கிழமை மீட்டிங்ல 'மேம்பாடு'ன்னு பேர் வெச்சுச் சரி பண்ணிடலாம்."

"கரிபூ திங்கட்கிழமை மீட்டிங்குக்கு வராது."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் எழுதினேன். நான்கு வரி. செயலியில் உள்ள கோடு எங்களால் மாறிவிட்டது, உங்கள் அலுவலகம் அனுப்பிய கோடே சரி, அதன்படி மேற்குக் கரை வெளியே இருக்கிறது, வருந்துகிறோம். கீழே என் பெயர். அனுப்பும் பொத்தானுக்குப் போகும்போது மஞ்சு குனிந்து என் விசைப்பலகையை இழுத்து, என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் அடித்தான்.

"ரெண்டு பேரத் திட்டுனா ஆளுக்குப் பாதிதான் வரும். அனுப்பு, அனுப்பு, யோசிக்க விடாத என்ன."

அனுப்பினேன். செக்போஸ்ட்டில் மணி அடிக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

"வந்திச்சு. மாமா, சுட்டுக்கோ. கொம்பு இல்லாததாப் பாத்துச் சுடு."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

சாட்டிலைட் போனில் காற்று மட்டும் கேட்டது. கார்த்தி சித்ரான்ன டப்பாவோடு எழுந்து நின்றுவிட்டான். மஞ்சு கண்ணை மூடிக்கொண்டான். துப்பாக்கிச் சத்தம் வருமென்று நான் ஹெட்செட்டைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தேன்.

வரவில்லை.

"எழுந்திச்சுங்க," என்றார் ஜோசப். "போவுதுங்க... கெழக்கால போவுதுங்க. வரிசையா. கரை ஏறிட்டுதுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க மெயில் போட்டு முடிக்கறதுக்குள்ள அதுங்க கோட்டத் தாண்டிட்டுதுங்க. இப்ப நெசமாவே உள்ள."

துப்பாக்கி எட்டும் தூரம்தான், அங்கே நின்று பார்க்க அதிகாரியும் இல்லை. அவர் சுடவில்லை. செக்போஸ்ட் லைன் விலகியது. ஜோசப் மட்டும் இருந்தார்.

"ஜெனி."

"சொல்லுங்க சார்."

"உன் ஸ்கிரீன்ல கழுத்துப்பட்ட போட்டதுங்க எங்க நிக்குதுன்னு தெரியும் இல்ல? நாளைக்கு இந்தாண்ட எதுனா வருமா? சும்மா வடக்கா தெற்கான்னு மட்டும் சொல்லு."

இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். திரையில் இருந்தது. ஒரு சின்னக் கூட்டம் வடக்கே, கோட்டின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு சொல் போதும். நம் தவறால்தான் அவர் மாலையை இழந்தார். விருந்து ஞாயிற்றுக்கிழமை. அதைச் சொல்லியிருந்தால் நான் நல்லவளாகியிருப்பேன், அவருக்கு மட்டும். பட்டை போட்டது மெலிந்த மந்தையை எண்ணத்தான், தேடிப் போக அல்ல.

"அது சொல்லக்கூடாது சார்."

"ஒரு வார்த்த."

"ஒரு வார்த்தையும் கூடாது சார். மன்னிச்சிடுங்க."

திட்டு வரும் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

"சொல்லியிருந்தா உன்மேலயே கம்ப்ளெயின்ட் போட்டிருப்பேன். பட்டை விஷயத்த யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு ரூல் போட்ட கமிட்டில நானும் உக்காந்திருந்தேன். ஒருத்தருக்கு ஒண்ணுதான்னு முடிவு பண்ணப்பவும் கை தூக்கினவன் நான்தான்."

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "அப்புறம் ஏன் சார் வாராவாரம் எங்களைத் திட்டறீங்க?"

"வேற யாரத் திட்டறது? வீட்டுல கண்ணாடியப் பாத்துத் திட்டுனா பேஜாராப் பூடும், பைத்தியம்பாங்க. அதுக்குன்னுதானே ஒரு நம்பர் குடுத்து வெச்சிருக்கீங்க?"

அளவு வேண்டும் என்று கை தூக்குகிறவருக்கும் அந்த அளவு வலிக்கும். ஆறு வருடத்தில் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான். திட்டுகிறவர் எல்லோரும் விதியை எதிர்ப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டு விதியை விளக்கத் தொடங்காதீர்கள். அவர்தான் அதை எழுதியவராகக்கூட இருக்கலாம்.

கார்த்தி அனுமதிக்குக் காத்திருக்காமல் அன்று மதியத்துக்குள் எல்லா வளைவுகளையும் திருப்பி வைத்தான். எனக்கும் மஞ்சுவுக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "இரண்டு அழைப்பாளர்களை இணைத்தது ஏன்?" என்று முதல் கேள்வி. "மாமாவும் மருமகனும் என்பதால்" என்று மஞ்சு எழுதினான். அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுத வைத்தேன்.

திங்கட்கிழமை காலை, அங்கே விருந்து முடிந்த மாலை, ஜோசப் அழைத்தார். மற்றவர்கள் எடுத்தால் பேச மாட்டேன் என்றாராம். பின்னால் பாத்திரச் சத்தமும், குழந்தைகள் ஓடும் சத்தமும், யாரோ பிடில் வாசிப்பதும் கேட்டது.

சனிக்கிழமை முழுக்க அதே மேற்குக் கரையில் காத்திருந்தாராம். சாயங்காலம் ஒரே ஒரு ஆண், வழி தவறியதோ என்னவோ, கோட்டைத் தாண்டி ஏரிமேல் நடந்து வந்ததாம்.

"ஒண்ணு. வந்தவங்க எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு வாய். மிச்சம் மீன்தான். ஆனா அந்த ஒரு வாய அத்தினி பேரும் கண்ண மூடினு சாப்பிட்டாங்க. எங்க வழக்கப்படி அவளுக்கும் ஒரு துண்டு நெருப்புல போட்டேன்."

எந்த வரியும் திரையில் ஒளிரவில்லை.

"சரி, வெக்கறேன். உங்க ஆப்பு இன்னாவோ கேக்குது, அஞ்சு ஸ்டாராம். உன் சர்வீஸ் எப்படின்னு."

"உங்க இஷ்டம் சார்," என்றேன், அடக்கமாக. அந்த மாத மதிப்பீடு அதை வைத்துத்தான் போடுவார்கள். ஐந்து என்று உள்ளுக்குள் எழுதியே வைத்துவிட்டேன்.

"ஒண்ணு குடுத்திருக்கேன்."

"சார்!"

"எனக்கு நீங்க எத்தினி குடுத்தீங்க?"